காவிப்பல்லும் கட்டுப்பாட்டு ஊரும்

எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் நாற்பத்தாறு பேர் இருக்கிறோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்கப்பா" என்று மூன்று முறை கேட்டது நினைவிருக்கிறது. எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு கன்னத்தை மட்டும் லேசாக மேலே தூக்கினோம். பல வருடம் கழித்து, பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். "என்னடா, யாராவது செத்துட்டாங்களா?" என்றான். நான் சிரித்தேன். என் பல்லைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டுப் பக்கம் என் ஊர். எங்கள் வயதுக்காரர்களின் முன்பல்லில் காவி படிந்திருக்கும். சிலருக்குச் சுண்ணாம்புத் திட்டு போல வெள்ளை வெள்ளையாக, சிலருக்குக் குறுக்கே பழுப்புக் கோடாக, இன்னும் சிலருக்குப் பல்லே அரித்துக் குழி விழுந்ததாக. ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செங்கல்பொடி போட்டுத் தேய்த்ததால் வந்தது என்பார் ஒருவர். சரியாகத் தேய்க்காததால் வந்தது என்பார் அடுத்தவர். "அது வம்சம்டா, அவங்க தாத்தாவுக்கே அப்படித்தான்" என்பார் மூன்றாமவர். காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டலில் ஒருவன் "ஹான்ஸ் போடுவியா?" என்று கேட்டான். பத்தொன்பது வயதில்தான் ஃபுளோரோசிஸ் என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். குடிதண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் பல்லில் கறை, முதிர்ந்தால் எலும்பு இறுக்கம்.

அந்த விடை தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது உண்மை. என் தப்பு இல்லை என்று ஆகிவிட்டதல்லவா. ஆனால் வேலைக்குப் போய்ச் சில வருடம் ஆன பிறகு வேறொரு கேள்வி அரிக்க ஆரம்பித்தது. தண்ணீர்தான் காரணம் என்று யாருக்கு எப்படித் தெரிந்தது? செங்கல்பொடி இல்லை, வம்சம் இல்லை, தண்ணீர் என்று எப்படி நிரூபித்தார்கள்?

இந்தக் கேள்வி வந்ததற்கு என் தொழிலும் ஒரு காரணம். மென்பொருளில் ஏ-பி டெஸ்ட் என்று ஒன்று தினமும் செய்கிறோம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்குப் பழைய பக்கம், பாதிப்பேருக்குப் புதிய பக்கம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்க வேண்டும். ஒருமுறை நாங்கள் பட்டனின் நிறத்தையும் அதிலிருந்த வாசகத்தையும் ஒரே நாளில் எல்லோருக்கும் மாற்றிவிட்டோம். விற்பனை ஏறியது. நிறத்தாலா, வாசகத்தாலா, அது தீபாவளி வாரம் என்பதாலா? இன்றுவரை தெரியாது. பள்ளிப் பாடத்தில் இதை மாறி என்று படித்திருப்போம்: நாம் மாற்றுவது சாரா மாறி, அதனால் மாறுவது சார்ந்த மாறி, மற்றதெல்லாம் மாறாமல் பிடித்து வைக்க வேண்டியவை.

பட்டனைக் குலுக்கிப் போடலாம். குழந்தைகளைக் குலுக்கிப் போட்டுப் பாதிப்பேருக்குக் கெட்ட தண்ணீரைக் கொடுக்க முடியாது. அப்படியானால் நியாயமான சோதனையை எங்கே போய்த் தேடுவது? ஃபுளோரைடின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது முழுக்க இந்தத் தேடலின் வரலாறாகவே எனக்குத் தெரிந்தது.

*

1901இல் ஃபிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார். வந்த நோயாளிகளில் பலருக்குப் பழுப்புப் பல். ஊர்க்காரர்கள் அதைக் கொலராடோ பழுப்புக் கறை என்றார்கள். பன்றி இறைச்சி தின்பதால், கெட்ட பால் குடிப்பதால் என்று அங்கேயும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாலக்கோடு என்ன, கொலராடோ என்ன.

மெக்கே முதலில் செய்தது எண்ணியதுதான். அந்தக் காலத்தின் பெரிய பல் மருத்துவ அறிஞர் ஜி.வி. பிளாக்கும் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குக் கறை இருந்தது. எண்ணியதில் இன்னொன்றும் புலப்பட்டது. பெரியவர்களாகி வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கறை இல்லை. எத்தனை வருடம் அங்கே வாழ்ந்தாலும் வரவில்லை. எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஏதோ நடக்கிறது, பல் முளைத்து முடிந்தபின் அது தீண்டுவதில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. தேய்க்கும் பழக்கம், புகையிலை எல்லாம் இந்த ஒரே கவனிப்பில் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. சில மைல் தொலைவிலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் கெடுகிறது என்று தாய்மார்கள் சொன்னார்கள். மெக்கே தண்ணீரைச் சோதித்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறொரு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊர் மாறியது. சில வருடங்களில் அடுத்து முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. குற்றவாளியின் பெயர் தெரியாமலேயே அவன் எந்த வழியாக வருகிறான் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஓக்லியை ஏ-பி டெஸ்ட் என்று சொல்ல முடியாது. அது முன்-பின் ஒப்பீடு. எங்கள் தீபாவளி வாரம் மாதிரி, இடையில் வேறு ஏதாவதும் மாறியிருக்கலாம். அந்த ஓட்டையை அடைக்க உதவியது ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊர். அலுமினியக் கம்பெனி ஒன்று தன் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய ஊர் அது. 1909இல் அங்கே மேல்மட்டக் கிணறுகளை விட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினார்கள். அதற்குமுன் வளர்ந்தவர்களின் பல்லில் கறை இல்லை. பின்னால் வளர்ந்தவர்களுக்கு இருந்தது. கூடவே, சில மைல் தள்ளியிருந்த பக்கத்து ஊரில் யாருக்குமே இல்லை. முன்-பின்னும் இருந்தது, பக்கத்து ஊரும் இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டின.

பெயரைக் கண்டுபிடித்தவர் கம்பெனியின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில். அப்போது அலுமினியப் பாத்திரம் விஷம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பழி தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்ற கவலையில்தான் பாக்சைட் தண்ணீரை நிறமாலை முறையில் சோதிக்கச் சொன்னார். 1931இல் முடிவு வந்தது: லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு. அவரால் நம்ப முடியவில்லை, புதிய மாதிரி வரவழைத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். பிறகு மெக்கேவுக்கு எழுதி, கறை உள்ள மற்ற ஊர்களின் தண்ணீரையும் கேட்டு வாங்கினார். அவற்றிலும் ஃபுளோரைடு. அதே 1931இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் எலிகளுக்கு ஃபுளோரைடு கொடுத்து அதே கறையை வரவழைத்துக் காட்டினார்கள். மனிதர்களிடம் செய்ய முடியாத சோதனையை எலியின் மேல் செய்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முப்பது வருடக் கதையில் உபகரணம் வந்தது கடைசியில்தான். அதுவரை வேலை செய்தது எண்ணிக்கையும் ஒப்பிட ஒரு ஊரும்.

*

பாக்சைட் பற்றி முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதை அப்படியே அதில் இருந்தது.

ஆயாவுக்குக் கடைசிவரை நல்ல பல். வெற்றிலை போட்டுச் சிவந்திருக்கும், குழியோ கோடோ கிடையாது. அவர் அதே ஊரில் பிறந்தவர். குடித்தது சேந்துகிணற்றுத் தண்ணீர். அப்பா 1958இல் பிறந்தவர். அவருக்கும் பல் வெள்ளை. 1970களின் கடைசியில் எங்கள் தெருமுனையில் போர் போட்டுக் கைபம்பு நட்டார்கள். நான் 1988. வீட்டிலேயே முதல் காவிப்பல் என்னுடையது, அடுத்தது தம்பியுடையது. அதே வம்சம், அதே செங்கல்பொடி, அதே களி. தண்ணீர் மட்டும் மாறியிருந்தது. வம்சக் கதையைப் பொய்யாக்கும் சாட்சி தினமும் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

கைபம்பைத் திட்ட எனக்கு மனம் வராது. 1970களில் உருவான இந்தியா மார்க் 2 பம்பும் அதன் கீழிருந்த ஆழ்துளையும் காலராவிலிருந்தும் நரம்புச் சிலந்தியிலிருந்தும் எத்தனையோ கிராமங்களைக் காப்பாற்ற உதவியிருக்கின்றன. கிருமி இல்லாத தண்ணீர் வேண்டும் என்று ஆழத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்துப் பாறை அங்கே வேறொன்றை வைத்திருந்தது. கடினப் பாறையின் வெடிப்புகளில் பல காலம் தங்கிய தண்ணீர், அதிலும் கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீர், பாறையிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்றி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

நம் பக்கத்தில் இதை யாரும் கவனிக்காமல் இருந்துவிடவில்லை. 1937லேயே, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி மூவரும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பல் மட்டும் இல்லை, முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்களை அவர்கள் பார்த்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னால் டென்மார்க்கில் கிரையோலைட் தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களின் எலும்பு கெட்டிப்பட்டிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தது. இங்கே ஆலை இல்லை, தூசி இல்லை. வெறும் கிணற்றுத் தண்ணீர்.

அப்பாவுக்கு இப்போது குனிந்து கால்விரலைத் தொட முடியாது. முட்டி மடக்காமல் கால்விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் படவைப்பது, இரு கையையும் பின்னந்தலையில் கோர்ப்பது - முகாம்களில் எலும்பு இறுக்கத்தைச் சந்தேகிக்கச் செய்து பார்க்கும் எளிய அசைவுகள் இவை. மூன்றில் இரண்டு அவருக்கு வரவில்லை. குழந்தையில் நல்ல தண்ணீர் குடித்ததால் பல் தப்பியது, இருபது வயதுக்கு மேல் போர்த் தண்ணீர் குடித்ததால் முதுகு மாட்டிக்கொண்டது என்று நான் கணக்குப் போட்டேன். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருசம் மூட்டை தூக்கியிருக்கேன்டா. அதை எந்தக் கணக்குல வைப்ப?"

மாறி என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

*

ஆக, ஒப்பிட ஒரு ஊர் வேண்டும். அந்த ஊர் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

கறைபட்ட பல்லில் சொத்தை குறைவு என்று மெக்கேயும் பிளாக்கும் அப்போதே கவனித்திருந்தார்கள். பின்னால் டிரென்ட்லி டீன் என்ற அரசுப் பல் மருத்துவர் 21 நகரங்களில் 12 முதல் 14 வயதுள்ள 7,257 பிள்ளைகளின் பற்களை ஆராய்ந்தார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் சொத்தை நன்றாகக் குறைகிறது, கறையோ அநேகமாகக் கண்ணுக்குப் படாத அளவுதான் என்று தெரிந்தது. அதே பொருள், அளவில்தான் நன்மையும் தீமையும். அப்படியானால் ஃபுளோரைடு குறைந்த ஊரில் அளவாகச் சேர்த்தால் என்ன?

1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத் தண்ணீரில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒப்பிட மஸ்கிகன் நகரம். அதுவும் அதே மிச்சிகன் ஏரித் தண்ணீரைத்தான் எடுக்கிறது, அதில் எதுவும் சேர்க்கவில்லை. மூன்றாவதாக, இயற்கையிலேயே லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் உள்ள அரோரா. அழகான வடிவமைப்பு. பதினைந்து வருடத் திட்டம்.

ஆறாவது வருடத்திலேயே கிராண்ட் ராபிட்ஸ் பிள்ளைகளின் பல் நன்றாக இருக்கும் செய்தி பரவிவிட்டது. எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் சொத்தைப்பல்லோடு இருக்க வேண்டும்? 1951 ஜூலையில் மஸ்கிகனும் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டது. கட்டுப்பாட்டு ஊர் வெளியேறிவிட்டது. கிராண்ட் ராபிட்ஸில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று ஆய்வு முடிவில் அறிவித்தார்கள். ஆனால் அந்த எண்ணை முழுப் பதினைந்து வருடமும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊர் இல்லாமல் போனது.

முதலில் படித்தபோது ஒரு பொறியாளனாக மஸ்கிகன் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னும் ஒன்பது வருசம் பொறுத்திருக்கக் கூடாதா?" பிறகு அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையின் தகப்பனாக என்னை வைத்துப் பார்த்தேன். பொறுத்திருக்க மாட்டேன்.

ஒப்பீடு சரியாக அமைந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் லான்செட் இதழில் ஒன்றை எழுதினார்கள். ஃபுளோரைடு உள்ள பகுதியில் சில இளைஞர்களுக்கு முட்டி இரண்டும் உள்நோக்கி இடித்துக்கொள்ளும்படி கால் வளைந்திருந்தது. பழைய நோயாளிகளிடம் இருந்ததோ எலும்பு இறுக்கம். இது வேறு மாதிரி. நாகார்ஜுன சாகர் அணைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறியதையும், அங்கே விளையும் சோளத்தில் மாலிப்டினம் போன்ற நுண்தனிமங்களின் அளவு மாறியிருக்கக்கூடும் என்பதையும் காரணமாகச் சந்தேகித்தார்கள். தண்ணீரைத் தவிர சாப்பாடும் ஒரு மாறி. வெயிலும் ஒரு மாறி: பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்திருக்கும் நான் குடிப்பதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் பென்னாகரத்துக் கல்குவாரியில் வேலை செய்பவர் குடிப்பார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், உடம்புக்குள் போவது ஒன்றில்லை. குளிர் ஊரையும் வெப்ப ஊரையும் வேறாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1950களிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவு என்று 1 மில்லிகிராமையே சொல்கிறது.

*

எங்கள் ஓக்லி தருணம் 2013இல் வந்தது. ஒகேனக்கல் காவிரியை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் திட்டம். பல வருடக் கோரிக்கை. ஜப்பான் நாட்டுக் கடனுதவி, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீடு. 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பில் கொஞ்ச நாள் நின்று, மறுபடி நடந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்று உண்டு.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானே ஒரு ஆராய்ச்சி செய்தேன். அண்ணன் மகளுக்கு எட்டு வயது, முன்பல் இரண்டும் பளிச்சென்று முளைத்திருந்தது. எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே வயது. அவன் சிரித்தால் லேசான பழுப்புக் கோடு. விசாரித்தேன். அவர்கள் வீட்டில் "குழாத்தண்ணி சப்புனு இருக்கு, போர்த்தண்ணில வெச்சாத்தான் கொழம்பு ருசி" என்று இன்னும் போர்த் தண்ணீர்தான். ஒரே தெரு, ஒரே வயது, இரண்டு தண்ணீர். மெக்கேவுக்குக்கூட இப்படி அமைந்திருக்காது. அன்று இரவே இரண்டு பக்கம் எழுதி நண்பனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அண்ணி தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏன் தம்பி, பாப்பா நாலு வயசு வரைக்கும் ஓசூர்ல எங்கம்மா வீட்ல தானே வளர்ந்தா?"

முன்பல்லின் எனாமல் உருவாவது பிறந்து முதல் மூன்று நான்கு வருடங்களில். அவள் பல்லில் எழுதியிருந்தது ஓசூர்த் தண்ணீர். எங்கள் தெருக் குழாயைப் பற்றி அந்தப் பல் எதுவுமே சொல்லவில்லை. எனக்கு வேண்டிய விடையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் இரண்டு வாய்களையும் பார்த்திருந்தேன். எந்தப் பிள்ளை எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் போதாது, இருநூறு பேர் வேண்டும்.

அதோடு விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீர் போதாத நாளில் போர்த் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள். தப்பு என்று எப்படிச் சொல்வது? தண்ணீரே இல்லாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று குழாய்க்கே தெரியாது. சாரா மாறி தொட்டிக்குள்ளேயே கலங்கிவிட்டது. இதைச் சரியாக அறிய எளிய கணக்கு நோட்டு போதும்: பிள்ளை பிறந்த வருடம், முதல் நான்கு வருடம் வளர்ந்த ஊர், வீட்டில் குடிப்பது எது, சமைப்பது எதில், தொட்டியில் எந்தெந்த நாள் எதை ஏற்றினார்கள். 2013இல் பிறந்தவர்களுக்கு இப்போது டீன் ஆய்வு செய்த அந்த 12 - 14 வயது. பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.

எல்லோருக்கும் நல்ல தண்ணீர் என்பதுதான் திட்டம். அதில் மஸ்கிகனுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அதனால் ஒப்பிட மிச்சமிருப்பது 2013க்கு முன்னால் வளர்ந்த நாங்கள்தான். நல்ல கட்டுப்பாட்டுக் குழு என்று எங்களைச் சொல்ல முடியாது. சாப்பாடு மாறிவிட்டது, பேஸ்ட் மாறிவிட்டது, பாதிப்பேர் பிழைப்புக்கு ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டவர்கள் வேறு உண்டு. நானும் அதற்கு முன்பணம் கட்டியிருந்தேன். போட்டுக்கொள்வதற்குள் இந்த வரலாற்றைப் படித்துத் தொலைத்தேன். இன்னும் போடவில்லை.

அந்தக் குரூப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு பேர், ஒரே வயது, பிறந்த ஊரும் குடித்த தண்ணீரும் தெரியும். எங்கள் மாவட்டத்துக்கு இதைவிட நல்ல முன்-ஆதாரம் கிடைத்திருக்காது. போட்டோக்காரர் மூன்று முறை கேட்டார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.